சிவப்புன்னு சொல்ல மாட்டேன்

அப்பா முதல் முறை டாக்டரிடம் பேசியபோது நான் அவருக்கு ஆறடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதில் ஹெட்செட் இருந்தது. எதிர்முனையில் ஒரு பெண்மணி தன் வீட்டு இன்டர்நெட் மூன்று நாளாக வேலை செய்யவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க அடைத்துக் கிடந்த மாதங்கள் அவை. என் கால் சென்டர் எனக்கு ஒரு லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி என் ஆபீஸ். மறுபாதியில்தான் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிளினிக் கதவைச் சாத்திவிட்டார்கள். காய்ச்சலைத் தவிர மற்றதெல்லாம் போனில்தான்.

"சொல்லுங்க, என்ன பிரச்சனை?" என்றார் டாக்டர். குரலில் இளமையும் களைப்பும் இருந்தன.

"யூரின் கலர் கொஞ்சம் மாறியிருக்கு டாக்டர்."

"சிவப்பா போகுதா?"

அப்பா தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"சிவப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

"வலி?"

"இல்ல."

"எரிச்சல்?"

"இல்ல."

"காய்ச்சல், இருமல், வாசனை தெரியாம போறது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. தண்ணி கம்மியா குடிச்சிருப்பீங்க, லேசா இன்ஃபெக்ஷன் இருக்கலாம். அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதறேன். கவனிச்சுக்கோங்க."

மொத்தம் மூன்று நிமிஷம். எங்கள் கால் சென்டரில் அப்படி ஒரு அழைப்பை முடித்தால் மேலதிகாரி கை தட்டுவார். நான் மியூட் பட்டனை அழுத்தியிருந்தேன். எழுந்து போய் அந்தப் போனை வாங்கி, "டாக்டர், அவர் சொல்றத அப்படியே எழுதாதீங்க, அவர் வேலை என்னன்னு கேளுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் ஹெட்செட்டில், "ஹலோ? இருக்கீங்களா இல்ல தூங்கிட்டீங்களா?" என்று குரல் வந்தது. "இருக்கேன் மேடம்" என்றேன்.

அப்பா முப்பத்தோரு வருஷமாக ஒரு சாயப்பட்டறையில் ஷேடு மாஸ்டர். யாராவது ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, "இதே கலர்ல நாலு டன் நூல் வேணும்" என்பார்கள். எந்தச் சாயத்தில் எத்தனை சதவீதம் கலந்தால் அந்த நிறம் வரும் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. பட்டறையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "ஷேடு வந்துட்டாரா?", "ஷேடு கிட்ட கேளு." அம்மாவே கோபம் வந்தால் அப்படித்தான் சொல்வாள்.

அவருக்கு முன்னால் சிவப்பு என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது. நூறு கிலோ நூலுக்கு மூன்று கிலோ சாயமாவது ஏறினால்தான் அது சிவப்பு. அதற்குக் கீழே எல்லாம் வேறு. அரை கிலோ என்றால் ரோஸ். ஒரு கிலோ என்றால் ரோஸில் கொஞ்சம் ஆழம். மஞ்சள் பக்கம் சாய்ந்தால் செங்கல், நீலம் பக்கம் சாய்ந்தால் பீட்ரூட். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கேட்டதற்கு, "எந்தச் சிவப்பு?" என்று கேட்டு என்னை அழவைத்த மனிதர் அவர்.

டாக்டர் கேட்ட கேள்விக்கு அவர் பொய் சொல்லவில்லை. தொழில் முறையில் மிகச் சரியான பதிலைச் சொன்னார். கிளினிக்கின் கம்ப்யூட்டரில் அது 'ரத்தம்: இல்லை' என்று ஏறிவிட்டது.

அவர் அந்தப் போனைச் செய்ததற்கே ஒரு பின்கதை உண்டு. அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சாயப்பட்டறையில் எல்லோருக்கும் எல்லாம் நிறமாகத்தான் வரும். மூக்கைச் சிந்தினால் நீலம், காதைத் துடைத்தால் பச்சை. கழிப்பறையில் பக்கத்தில் நிற்கிறவனை எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இன்னைக்கு மெரூன் லாட்டா?" என்று கேட்பது அங்கே வணக்கம் சொல்வதைப் போல. லாட் என்றால் ஒரே நிறத்தில் ஒரு தடவை சாயமேற்றுகிற நூல். அப்படிக் கேட்பதில் பாய்லர்காரர்தான் முதல் ஆள். அதனால் அப்பாவுக்கு முதல் முறை நிறம் தெரிந்தபோது அவரும் சிரித்துவிட்டு வந்துவிட்டார். அந்த வாரம் பட்டறையில் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை தெரிந்தபோதும் ஏதோ ஒரு சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. பட்டறை என்றால் எப்போதும் ஏதாவது ஒரு சிவப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பிறகு ஊருக்குள் தொற்று வந்தது. பட்டறையைப் பூட்டினார்கள். பாய்லர் அணைந்தது. இருபத்திரண்டு நாள் அப்பா சாயம் இருக்கிற திசைக்கே போகவில்லை. நகத்தின் ஓரத்தில் எப்போதும் இருக்கும் கறுப்புக்கோடுகூட மறைந்துபோனது. ஆனால் அந்த நிறம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சாயத்தை எடுத்துவிட்டும் நிறம் நிற்கிறது என்றால் நிறம் சாயத்திலிருந்து வரவில்லை. அவர் அதைக் கணக்காக யோசித்துத்தான் போனை எடுத்திருக்கிறார். ஆனால் யோசித்ததை டாக்டரிடம் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்.

மாத்திரை ஐந்து நாள். நிறம் போய்விட்டது. "பாத்தியா?" என்றார் அம்மாவிடம். ஒன்பதாவது நாள் திரும்ப வந்தது. அவர் மறுபடி போன் செய்தார். இந்த முறை வேறு ஒரு டாக்டர். பழைய குறிப்பைப் படித்தார். "ரத்தம் இல்லைன்னு இருக்கு, போன தடவை மாத்திரையும் கேட்டிருக்கு, அதையே இன்னும் ஏழு நாள் போடுங்க." இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஆறடி தூரத்தில் உட்கார்ந்து, யார் யாருடைய வீட்டிலோ மோடத்தை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டறை மூடி அறுபத்திரண்டாம் நாள் காலையில் அம்மாவின் குரல் கேட்டது.

"இந்த ஜாம் பாட்டில யாரு பாத்ரூம்ல வச்சது?"

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ரெண்டு வாரமா தேடறேன். கழுவி வச்ச பாட்டிலு. ஏங்க, உங்களத்தான்! வீட்டுல இருக்கறதே மூணு பேரு. நான் வைக்கல, அவ குளிக்கறதே வாரத்துல மூணு நாளு. அப்ப யாரு?"

"அம்மா!"

"நீ போன் பேசு, போ."

அப்பா பாத்ரூமுக்குள் போய் ஓர் அட்டையோடு வெளியே வந்தார். பட்டறையில் வாடிக்கையாளருக்கு ஷேடு அனுப்புகிற அட்டை அது. வெள்ளை நிறத்தில், கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு நூல் துண்டு ஸ்டேப்ளர் அடித்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் தேதி. பக்கத்தில் பென்சிலில் பொடி எழுத்தில் சதவீதம். ஒவ்வொரு காலையும் அந்த ஜாம் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஷேடு புத்தகத்தின் நூல்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது ஒத்துப்போகிறதோ அந்த நூலிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறார். தெளிவாக இருந்த நாட்களுக்கு வெள்ளை நூல். நாற்பது நாள், நாற்பது துண்டுகள். ஆரம்பத்தில் வெள்ளையும் ரோஸும். நடுவில் கொஞ்சம் வெள்ளை. கடைசி ஒன்பதில் வெள்ளையே இல்லை.

அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழகாக இருந்தது என்று சொன்னால் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது, யாரோ ஒருவர் பின்னப்போகிற கம்பளிச் சட்டைக்கு நிறம் தேர்ந்தெடுத்ததைப் போல.

"அப்பா, இது ரத்தம்."

"அது இன்னும் தெரியல."

"என்ன தெரியல? இதுல கடைசியில இருக்கறது என்ன கலரு?"

"ஒண்ணரை பர்சென்ட். மஞ்சள் பக்கம் சாய்வு."

"சிவப்பா இல்லயா?"

"சிவப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிட்ட வந்துருச்சு" என்றார்.

அம்மா பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். "திரும்ப வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல இந்த மனுஷனுக்கு" என்று குழாயிடம் சொன்னாள்.

அன்றைக்கு நான் லீவு போட்டேன். கிளினிக் லைனில் நாற்பத்தேழு நிமிஷம் காத்திருந்தேன். காத்திருக்கும்போது ஓடிய இசை எங்கள் கம்பெனியில் ஓடுகிற அதே இசை. பியானோ, பிறகு புல்லாங்குழல், பிறகு 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.' அந்த வரியைப் பேசுகிற பெண்ணை யாரும் எங்கேயும் பார்த்ததில்லை. உலகத்தின் எல்லா வரிசைகளிலும் அவள் ஒருத்திதான் நிற்கிறாள் என்று தோன்றியது.

மூன்றாவதாக ஒரு டாக்டர் வந்தார். நான் பேசினேன். வலி இல்லாமல் ரத்தம், அறுபத்தோரு வயது, நாற்பது நாள் என்றேன். "என்ன வேலை பார்க்கறார்?" என்று கேட்டார். சொன்னேன். மறுமுனையில் ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த மௌனத்தை எனக்குத் தெரியும். திரையில் இருப்பதும் காதில் விழுவதும் ஒத்துப்போகாதபோது நாங்களும் அப்படித்தான் நிறுத்துவோம்.

"முதல்லயே யாரும் இதக் கேக்கலயா?" என்றார்.

"இல்ல டாக்டர்."

"சிறுநீர்ப்பைக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன். இந்த மாதிரி விஷயத்துல சீக்கிரம் பாக்கறதுதான் முக்கியம். உள்பக்கத் தோலோட நின்னா சுரண்டி எடுத்துடலாம். தசைக்குள்ள இறங்கிடுச்சுன்னா கதை வேற."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கட்டி என்றோ வேறு பெயரிலோ அதைச் சொல்லவில்லை. 'தசைக்குள்ள இறங்கறதுக்குள்ள' என்று மட்டும் சொன்னோம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு குறுஞ்செய்தி: 'தவிர்க்க முடியாத காரணங்களால்.' மூன்று வாரம் கழித்து இன்னொரு தேதி. முதல் நாள் மாலை இன்னொரு குறுஞ்செய்தி, அதே வரி. கேமரா விடுகிற அறைகளில் படுக்கைகளைப் போட்டுவிட்டார்கள், அந்த நர்ஸுகளை மூச்சுக்கருவி வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தவறு என்று யாரையும் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

நடுவில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு நேரிலேயே போனேன். வாசலில் முகக்கவசம் போட்ட காவலாளி என் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நீட்டினார்.

"நோயாளியா?"

"இல்ல, மகள்."

"நோயாளி எங்க?"

"வீட்டுல."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"பேசறதுக்கு."

"பேசறதுக்கு போன் இருக்கேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு உதவி செய்வதாக நினைத்து, கதவில் ஒட்டியிருந்த நம்பரைக் காட்டினார். நான் மனப்பாடமாக வைத்திருந்த நம்பர்.

இரண்டாவது குறுஞ்செய்தி வந்த மாலையில் அப்பா பால்கனியில் நின்று போனில் சிரித்துக்கொண்டிருந்தார். பாய்லர்காரர். "என்னண்ணே, வீட்டுலயும் லாட் ஓடுதாமே?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது. அப்பா சொல்லியிருக்கிறார்! எங்களிடம் அத்தனை நாள் மறைத்தவர் பாய்லர்காரரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து அவர் கண்ணாடியைத் தட்டினார். அம்மா போய்த் திறந்துவிட்டாள்.

"அவ மேல கோபப்படாதீங்க" என்றாள்.

"கோபம் எனக்கா அவளுக்கா?" என்றார் அப்பா.

நான் போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தினேன். 'சந்திப்புக்கு ஒன்றை அழுத்தவும். பரிசோதனை முடிவுகளுக்கு இரண்டு.' அந்த வரிசைகளில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வேலையில் ஒரு ரகசியம் உண்டு. எல்லோரும் அழுத்துகிற எண்ணை அழுத்தக்கூடாது. யாருமே அழுத்தாத எண்ணை அழுத்தி, அங்கிருந்து உள்ளே மாற்றிவிடச் சொல்ல வேண்டும். பட்டியலைக் கடைசி வரை கேட்டேன். 'எங்கள் சேவையைப் பாராட்ட ஏழாம் எண்ணை அழுத்தவும்.'

அதை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம், பாராட்டுப் பிரிவு" என்றார் ஒரு பெண், தன்னாலேயே நம்ப முடியாத குரலில்.

"மேடம், நான் பாராட்டப்போறதில்ல. என்னை மன்னிச்சுடுங்க."

"தெரியும்மா" என்றார். "நாலு மாசமா ஒருத்தரும் பாராட்டல. சொல்லுங்க."

சொன்னேன். தேதிகள், குறுஞ்செய்திகள், எல்லாம். நானும் ஹெட்செட் மாட்டிப் பிழைக்கிறவள்தான் என்றும் சொன்னேன். அவர் சின்னதாகச் சிரித்தார். "லைன்லயே இருங்க. மியூசிக் போடமாட்டேன், சத்தியமா." மௌனமாக இருந்தது அந்த வரிசை. பிறகு ஒரு கரகரத்த குரல் வந்தது: "ஸ்கோப் ரூம். யாரு?"

அவர்தான் ஸ்கோப் நர்ஸ். கேமரா அறையில் மிச்சமிருந்த இரண்டு பேரில் ஒருவர். முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

"பாருங்கம்மா, எங்கிட்ட இப்ப ஒரே ஒரு ரூம், வாரத்துல ரெண்டு நாள். சிவப்பு லிஸ்ட்டு ஆளுங்களுக்கே இடம் இல்ல. உங்கப்பா பச்ச லிஸ்ட்டுல இருக்காரு."

"ஏன் பச்ச?"

தட்டச்சுச் சத்தம். "முதல் குறிப்புல ரத்தம் இல்லன்னு இருக்கு. ரெண்டாவதுலயும். மூணாவதுல இருக்குன்னு இருக்கு. மூணுல ரெண்டு 'இல்ல'ன்னு இருந்தா பச்சைக்குத்தான் போகும்."

"அது தப்பு மேடம்."

"இருக்கலாம். டாக்டர் மாத்தணும். மாத்தச் சொல்லி நான் கேக்கணும்னா எங்கையில ஏதாவது வேணும். என்ன இருக்கு உங்ககிட்ட?"

அட்டை இருந்தது. இப்போது தொண்ணூற்றாறு துண்டுகள், மூன்று அட்டைகள். அம்மா வேறு ஒரு பாட்டிலைக் கொடுத்து, அதன் மேல் மார்க்கரால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தாள். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து, நர்ஸ் கொடுத்த நம்பருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"என்னம்மா இது, ஸ்வெட்டர் பின்றதுக்கா?"

நான் விளக்குவதற்குள் அப்பா போனை வாங்கிக்கொண்டார். தன் தொழிலைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டால் அவர் வேறு ஆள். "அது சாயம் ஏத்தின நூலோட ஷேடுங்க. வெளிச்சம் காலைல எட்டு மணி வெளிச்சம், வெயில் நேரா படாத ஜன்னல். முப்பத்தேழாவது துண்டு வரைக்கும் ஒரு பர்சென்ட்டுக்கு உள்ள. அப்புறம் பாருங்க…"

"ஐயா, எனக்கு பர்சென்ட் வேணாம். சிவப்பா, இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

அப்பா தலையைச் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார். நான் பாய்ந்து போனைப் பிடுங்கினேன்.

"சிவப்பு மேடம்! கடைசி வரிய பாருங்க. கடைசி பதினஞ்சு. உங்க கண்ணால பாருங்க."

"பாத்துட்டேன்" என்றார் நர்ஸ். குரல் தணிந்திருந்தது. "கடைசி மூணு நாளா ரத்தம் கட்டியா ஏதாவது வருதா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

"வருது" என்றார். "அதுக்கு நூல் கிடையாது. அதான் ஒட்டல."

ஆறு நாளில் தேதி கிடைத்தது. முதல் போனிலிருந்து கணக்குப் போட்டால் நூற்றிரண்டாவது நாள்.

நோயாளியை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். நானும் அம்மாவும் கார் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தோம். அங்கே எங்களைப் போல இன்னும் நிறையப் பேர். எல்லோரும் ஆளுக்கொரு தூரத்தில், ஒரே கட்டடத்தைப் பார்த்தபடி. ஒருவர் கார் மேல் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். ஒரு பெண் நான்காவது மாடி ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு முழுக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் யாருடையதையும் கேட்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அப்பா கண்ணாடிக் கதவு வழியாக வெளியே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அவருடைய பெல்ட்டும் கடிகாரமும்.

"என்ன சொன்னாங்க?"

"உள்ள சின்னதா ஏதோ இருக்காம்."

"எவ்வளவு சின்னது?"

"அது அவங்களும் உறுதியா சொல்லல."

"டாக்டர் என்ன வார்த்த சொன்னாரு, அதச் சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க."

"முகத்துல ரெண்டு மாஸ்க், மேல ஒரு கண்ணாடி. பாதி வார்த்த உள்ளயே போயிருச்சும்மா. நான் சரி சரின்னேன்."

நான் அந்தச் சிமென்ட் திட்டில் உட்கார்ந்து, முப்பதடி தூரத்தில் இருக்கிற கட்டடத்துக்குப் போன் செய்தேன். பாராட்டுப் பிரிவுக்கு. என் குரலைக் கேட்டதுமே, "நீங்களா" என்று அந்தப் பெண் உள்ளே மாற்றிவிட்டார். ஸ்கோப் நர்ஸ்தான் எடுத்தார். நான்கு சென்டிமீட்டர், இடது பக்கச் சுவரில், அடிப்பகுதி அகலம். உள்ளே உட்காரவைத்து இதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இரண்டு முறை தலையாட்டியிருக்கிறார்.

"ஷேடு!" என்றாள் அம்மா, கார் நிறுத்தும் இடத்தில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி. "நாலு சென்டிமீட்டர் சின்னதாய்யா உனக்கு?" முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்பா பெல்ட்டைக் கட்டிக்கொண்டார். மூன்றாவது முயற்சியில்தான் கொக்கி மாட்டியது.

சுரண்டி எடுப்பதற்கு இரண்டு வாரத்தில் நாள் குறித்தார்கள். அதற்கு முன் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். அப்பாவுக்குத் தொற்று இருந்தது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை. இருந்தாலும் இருந்தது. மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் அவர் படுக்கையறையிலும் நாங்கள் கூடத்திலும் இருந்தோம். கதவுக்கு அடியில் காலையில் அட்டையை நகர்த்துவார். நான் எடுத்துப் பார்ப்பேன். ஷேடு புத்தகத்தில் இன்னும் ஆழமான நிறங்கள் இருக்கிற அடுத்தடுத்த பக்கங்கள்.

பிறகு சுரண்டி எடுத்தார்கள். பத்து நாள் கழித்து அறுவை மருத்துவர் போன் செய்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். இந்த முறை ஹெட்செட்டைக் கழற்றி அலமாரிக்குள் வைத்திருந்தேன்.

"தசைக்குள்ள இறங்கியிருக்கு" என்றார்.

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த இடத்துக்குப் பரவினதா தெரியல, அது நல்லது. மருந்து ஏத்திட்டு, சிறுநீர்ப்பையவே எடுத்துடறதுதான் நல்லது. வயித்துல ஒரு வாசல் வச்சு, வெளிய பை மாட்டிக்கணும். பழகிடும். நிறையப் பேர் வேலைக்கே போறாங்க."

"அஞ்சு மாசம் முன்னாடி பாத்திருந்தா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அத யாராலயும் சொல்ல முடியாதும்மா."

"நீங்க சொல்ல முடியுமா முடியாதா?"

"அன்னைக்கும் இறங்கியிருக்கலாம். இறங்காமலும் இருந்திருக்கலாம்." என்றார். "இந்த வருஷம் இதே கேள்விய எங்கிட்ட நிறையப் பேரு கேக்கறாங்க. எல்லாருக்கும் இதேதான் சொல்றேன். எனக்கே போதுமானதா தெரியல."

திட்டலாம் என்று தயாராக இருந்தேன். அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

மருந்து ஏற்றிய வாரங்களில் அப்பாவின் முடி கொட்டியது. பட்டறையைப் பாதி ஆட்களோடு திறந்தார்கள். பாய்லர்காரர் தெருவில் நின்று மேலே பார்த்து, "ஷேடு இல்லாம நேத்து ஒரு லாட் மொத்தமா போச்சுண்ணே! நீலம் கேட்டான், கத்திரிக்கா கலர் போயிருக்கு!" என்று கத்தினார். அப்பா பால்கனியிலிருந்து, "சாயத்துக்கு உப்பு யார் போட்டா?" என்று திரும்பக் கத்தினார். பேசி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நானும் அம்மாவும்தான் தூக்கி நிறுத்தினோம்.

பெரிய அறுவைக்கு நாலு நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். வயதில் என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். மயக்க மருந்துக்கு முன்னால் கேட்கிற கேள்விகள், நாற்பது இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றாள். அப்பா அதே நாற்காலியில் உட்கார்ந்தார். போனை அதேபோல இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் எதிரில் உட்கார்ந்தேன், ஆறடி இல்லை, முழங்கால் தொடுகிற தூரத்தில்.

"சர்க்கரை இருக்கா?"

"இல்ல."

"இதய நோய்?"

"இல்ல."

"சிறுநீர் சிவப்பா போகுதா?"

என் கை தானாகப் போனை நோக்கிப் போனது. அப்பா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தலையைச் சாய்க்கவில்லை. ஜன்னலைப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் லாரியோடு வாசலில் நிற்கிறார், வேறு வழியில்லை என்று மனசில்லாமல் ஒரு லாட்டுக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரி முகம்.

"சிவப்பு" என்றார்.

"எப்ப இருந்து?"

பட்டறை மூடுவதற்கு இரண்டு மாசம் முன்னால் என்றுதான் எங்களிடம் எப்போதும் சொல்லியிருந்தார். இப்போது ஒரு தேதியைச் சொன்னார். கிழமையைச் சொன்னார். அன்றைக்கு ஓடிய லாட்டின் நம்பரையும் சொன்னார். நான் விரலில் எண்ணினேன். ஒரு கை போதவில்லை. பட்டறை மூடுவதற்கு ஆறு மாசம் முன்னால், கிளினிக் கதவுகள் எல்லாம் திறந்திருந்த, யார் வேண்டுமானாலும் நடந்து உள்ளே போய் உட்கார்ந்திருக்கக் கூடிய ஒரு செவ்வாய்க்கிழமை.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"லாட் நம்பர் வேணாங்க ஐயா, அதுக்கு இதுல இடமில்ல" என்றாள் அந்தப் பெண். "அடுத்தது. கட்டுப்பல் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றார் அப்பா.